கல்லில் இரண்டாவது பெயர்

மாயாபந்தர்,
11 ஏப்ரல் 1974

மரகதத்துக்கு,

உன் கடிதம் நேற்றைய கப்பலில் வந்தது. தேதி போட்டு எழுது என்று இருபத்தெட்டு வருஷமாகச் சொல்கிறேன்; இதிலும் இல்லை. தபால் முத்திரையைப் பார்த்து மார்ச் பதினெட்டு என்று தெரிந்துகொண்டேன். நலம் விசாரித்துக்கொள்ளும் பழக்கம் நமக்குள் இல்லாததால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

ஏரிக்கரைக் கல்லைப் பஞ்சாயத்து ஆபீசின் புதுக் கட்டடத்துக்கு முன்னால் நடப்போகிறார்கள், அதற்கு முன் எழுத்துகளைப் புதிதாக வெட்டப்போகிறார்கள், உன் அண்ணன் பெயரை வைப்பதா எடுப்பதா என்று என்னைக் கேட்கும்படி தலைவர் ராஜமாணிக்கம் சொன்னார் என்கிறாய். இதில் கேட்க என்ன இருக்கிறது? எடுத்துவிடச் சொல். 'போரில் உயிர் நீத்தோர்' என்று அதில் ஐந்து பெயர்கள். இரண்டாவது, ஹவில்தார் கே. பக்தவத்சலம். அவர் போரில் உயிர் நீக்கவில்லை. இந்த வருஷம் ஜனவரி பதினேழாம் தேதி காலை ஆறே காலுக்கு, மாயாபந்தரில், தன் கட்டிலில், என் கையால் இரண்டு ஸ்பூன் வெந்நீர் குடித்த பிறகு போனார்.

ராஜமாணிக்கத்துக்கு நீ படித்துக்காட்ட வேண்டும் என்பதால் நடந்ததை முறையாக எழுதுகிறேன். 1942 ஏப்ரலில், சிங்கப்பூர் விழுந்த பிறகு, நம் தெருவுக்கு ஒரே நாளில் இரண்டு தந்திகள் வந்தன. ஒன்று எனக்கு. இன்னொன்று, உன் அண்ணனோடு பட்டாளத்தில் இருந்த குருநாதனின் தாய் பொன்னம்மாவுக்கு. தெருவில் இங்கிலீஷ் தெரிந்தவள் நான் ஒருத்தி. வேலூர் கான்வென்டில் சிஸ்டர்கள் சொல்லிக்கொடுத்ததை நான் மறக்கவில்லை. இரண்டு தந்தியிலும் 'காணவில்லை' என்றுதான் இருந்தது, 'இறந்தார்' என்று இல்லை. எல்லோர் முன்னிலையிலும் அப்படியே படித்துச் சொன்னேன். ஒரு வருஷம் கழித்து உங்கள் அம்மா குறி கேட்டுவிட்டு வந்து, உயிரோடிருந்த பிள்ளைக்குக் கருமாதி செய்தார்கள். என் தாலியைக் கழற்ற வந்தார்கள். நான் அடுப்படிக் கதவைத் தாழிட்டுக்கொண்டு இரண்டு நாள் உள்ளே இருந்தேன். கதவைத் தட்டியவர்களில் நீயும் உண்டு. 1945 தை மாதம் மிட்டாதார் அந்தக் கல்லை நட்டார். அதே வருஷம் டிசம்பரில் உன் அண்ணன் நடந்து வந்தார்.

வந்தவரைக் கட்டிக்கொண்டு அழுதார்கள், அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் கருமாதி நடந்தவன் வீட்டுக்குள் நுழைய வேண்டுமானால் ஏரியில் முழுக்காட்டி, புதுப் பெயர் வைத்து, பெண்டாட்டிக்கு மறுபடி தாலி கட்ட வேண்டும் என்றார்கள். முழுக்குக்கும் பெயருக்கும் அவர் தலையாட்டினார். தாலிக்கு நான் ஆட்டவில்லை. அவிழ்க்காத தாலிக்கு இன்னொரு முடிச்சு எதற்கு? அதனால் மாட்டுக் கொட்டகையை ஒட்டிய அறையில் மூன்று மாதம் இருந்தோம். ஒரு நாள், "வா, போகலாம்" என்றார். அவ்வளவுதான். பெங்களூரில் நான்கு வருஷம், பிறகு 1950-ல் இந்தத் தீவு. என் மானத்துக்காகப் பிறந்த ஊரையே விட்டு வந்த மனிதர். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

இங்கே அவர் என்னவாக இருந்தார் என்பது உங்கள் யாருக்கும் தெரியாது. மராமத்து இலாகாவில் சாதாரண மேஸ்திரி வேலைதான். ஆனால் இங்கே கப்பல் அணையும் ஜெட்டியில் பாதிப் பலகை அவர் போட்டது. கிழக்கு வங்காளத்திலிருந்து குடியேறிய ஜனங்களுக்குப் பதினேழு கிணறு வெட்டிக் கொடுத்தார். வளைந்த ஆணியை எறியமாட்டார். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தட்டி நிமிர்த்துவார். சோற்றுத் தட்டில் ஒரு பருக்கை மிஞ்சினால் எங்கள் பெண் ஜெயமணியை எழுந்திருக்க விடமாட்டார், குழந்தை என்றும் பார்க்கமாட்டார். அவளை டீச்சர் டிரெயினிங் படிக்கவைத்து, போர்ட் பிளேரில் வேலைக்குச் சேர்க்கக் கப்பலில் கூடவே போய், பள்ளிக்கூட வாசலில் நின்று சல்யூட் அடித்துவிட்டு வந்தார். எனக்குப் பிடிக்காத ஒரே வழக்கம், பக்கத்து வேபி கிராமத்தில் பர்மாவிலிருந்து வந்து குடியேறிய கரேன்கள் வீட்டில் சாவு விழுந்தால் மண்வெட்டியோடு கிளம்பிவிடுவது. "நம்ம வேலையா அது?" என்று கேட்டால், "நாலு மூலையும் நேரா வெட்டத் தெரிஞ்சவன் வேணும்ல" என்பார். ஹவில்தார் சாப் வெட்டிய குழி என்று அவர்கள் பெருமையாகச் சொல்வார்களாம்.

கடைசியாக ஒன்று. ஒவ்வொரு வருஷமும் தீபாவளிக்கு மூன்று மாதம் முன்பு உன்னிடமிருந்து ஒரு கார்டு வரும். உடனே அவர் சணல் கயிறு எடுத்துத் தோள், உயரம், மார்பு என்று மூன்று முடிச்சுப் போட்டு உனக்கு அனுப்புவார். தங்கை சட்டை தைக்கிறாள் என்று நினைத்தேன். இருபத்து நான்கு வருஷம் அளவு வாங்கினாய். ஒரு சட்டை வரவில்லை. அவர் இருந்தவரை கேட்கவில்லை, இப்போது கேட்கிறேன். அவருடைய டிரங்குப் பெட்டியில் இன்னும் ஆறு கயிறுகள் கிடக்கின்றன, 1974 முதல் 1979 வரை சீட்டுக் கட்டி. உனக்கு அளவு கொடுத்தே அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது போலிருக்கிறது.

சந்திரமதி


கல்லேரிப்பட்டு,
6-5-74

அண்ணிக்கு மரகதம் எழுதுவது.

தேதி போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தை ராஜமாணிக்கத்திடம் காட்டவில்லை. நாலு நாள் முந்தானையில் முடிந்து வைத்திருந்தேன். எனக்கு உங்களைப் போல வரிசையாக எழுத வராது. நான் ஐந்தாவதோடு நின்றவள். கோபித்துக்கொள்ளாமல் படியுங்கள்.

அந்தச் சட்டை அண்ணனுக்கு இல்லை. ஒரு வருஷமும் அண்ணனுக்கு இல்லை. பொன்னம்மா அத்தை தன் பிள்ளை குருநாதனுக்குத் தைக்கிறாள்.

நீங்கள் ஊரை விட்டுப் போன நாலாம் வருஷம் ஆரம்பித்தது. தீபாவளிக்குப் புதுச் சட்டை எடுத்து வைக்க வேண்டும், வந்தால் போட்டுக்கொள்வான் என்றாள். தையல்காரர் கிருஷ்ணமூர்த்தி அளவு கேட்டார். பத்து வருஷத்துக்கு முந்திய அளவு ஆகாது என்று அவளுக்கே தெரியும். என்னிடம் வந்து சொன்னாள்: "பக்தன் வத்தலா வந்து அப்புறம் தேறினானில்ல, எம்பிள்ளையும் தேறியிருப்பான். ரெண்டு பேருக்கும் ஒரே ஒடம்பு. அவன் அளவைக் கேட்டு வாங்கு." அண்ணனுக்கு எழுதினேன். ஒரு கேள்வி கேட்காமல் கயிறு அனுப்பினார். அன்றிலிருந்து இதுதான். அண்ணனுக்கு வயிறு போட்ட வருஷம் கயிற்றைப் பிடித்துப் பார்த்து, "எங்கியோ நல்லா சாப்புடறான்" என்று அத்தைக்கு ஒரே சந்தோஷம். புதுசு வந்ததும் பழைய சட்டையை மடை காவல்காரனுக்குக் கொடுத்துவிடுவாள். அவன் இருபத்து நாலு வருஷமாகச் சட்டைக்குக் குறையில்லாமல் இருக்கிறான்.

கல் விஷயமும் இதுதான். 1957-ல் அம்மா காரியத்துக்கு அண்ணன் மட்டும் வந்தாரே. அப்போது இருந்த தலைவர், உயிரோடு இருக்கிறவர் பெயர் கல்லில் இருப்பது ஊருக்கு நல்லதில்லை என்று கல்தச்சனை ஏரிக்கரைக்கே கூட்டி வந்துவிட்டார். அவன் உளியை எழுத்தின் மேல் வைத்துவிட்டான். அண்ணன் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். சொன்னதை மறக்கமாட்டேன்.

"அது இருக்கட்டும்ப்பா. எம்பேரு இருக்கிற வரைக்கும் கல்லு தப்புன்னு எல்லாருக்கும் தெரியும். என்னை எடுத்துட்டா மிச்ச நாலு பேரும் செத்தவங்கதான்னு ஆயிடும்."

கூட்டத்துக்குப் பின்னால் அத்தை நின்றுகொண்டிருந்தாள். மூன்றாவது பெயர் அவள் பிள்ளையுடையது.

திரும்பும் வழியில் இன்னொன்றும் சொன்னார். உங்களிடம் சொல்லக்கூடாது என்றார். இனி யாருக்காக மறைக்க வேண்டும் என்று எழுதுகிறேன். கொட்டகை அறையில் நீங்கள் இருந்த மூன்று மாதமும், நீங்கள் தண்ணீருக்குப் போகிற நேரம் பார்த்து அத்தை தினமும் வந்து அவர் எதிரில் உட்கார்ந்துகொள்வாளாம். கடைசியாக எங்கே பார்த்தாய், என்ன சாப்பிட்டான், செருப்பு இருந்ததா என்று கேட்பாளாம். ஜப்பான்காரர்கள் வேறு முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள், பிறகு தெரியாது என்று இவர் தினமும் சொல்ல வேண்டும். "அந்த மொகத்தைப் பார்த்து என்னால முடியலை மரகதம். அதான் கெளம்பினேன். ஒங்க அண்ணி தாலி விஷயம்னு நெனைச்சிட்டிருக்கா. நெனைக்கட்டும்" என்றார்.

என்ன முடியவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்டால் எனக்கும் அது வந்து சேரும்.

அண்ணன் போனது அத்தைக்குத் தெரியாது. ஜனவரியில் உங்கள் தந்தி வந்த அன்றே, அவளிடம் மூச்சு விடக்கூடாது என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்துவிட்டேன். காதும் கொஞ்சம் மந்தம் என்பதால் பிழைத்தோம். பெயரை எடுக்கச் சொல்லாதீர்கள்.

மரகதம்


மாயாபந்தர்,
14 ஜூன் 1974

மரகதத்துக்கு,

உன் கடிதம் மே மாதக் கடைசியிலேயே வந்துவிட்டது. இரண்டு கப்பல்களைப் பதில் இல்லாமல் போகவிட்டேன்.

அவருடைய சவரப் பெட்டியை இதுவரை நான் திறந்ததில்லை. அன்று திறந்தேன். அடித்தட்டில் எண்ணெய்த் தாளில் சுற்றி ஒரு வில்லை இருந்தது. பட்டாளத்தில் கழுத்தில் கட்டிக்கொள்ளும் அடையாள வில்லை. நம்பரும் குருநாதன் பெயரும் அதில் வெட்டியிருக்கிறது. தாளின் உள்பக்கம் உன் அண்ணன் பென்சிலால் எழுதியது: '9-8-43. இரண்டு கால்களும் வீக்கம். பகல் மூன்று மணி. குழி நானே வெட்டினேன், நாலரை அடி. அதற்கு மேல் தெம்பு இல்லை.'

இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. குருநாதன் முப்பத்தொரு வருஷத்துக்கு முன்பு இறந்துவிட்டான். அவனைப் பட்டாளத்துக்குக் கூட்டிப்போனவரும் உன் அண்ணன்தான். 1936-ல் லீவில் வந்தவர், "வாடா, துணியும் சோறும் கெடைக்கும்" என்று சொல்லி அழைத்துப்போனது எனக்கே ஞாபகம் இருக்கிறது. ரயிலடியில் பொன்னம்மா அத்தை அவர் கையில் அவன் கையைப் பிடித்து வைத்தார்கள்.

ஆக, எனக்காக ஒன்றும் ஊரை விடவில்லை. இதை எழுத எனக்கு வெட்கமில்லை, ஆயாசமாக இருக்கிறது. அவர் எனக்காக ஊரை விட்டார் என்று நினைத்துக்கொண்டு இருபத்தெட்டு வருஷம் பல விஷயங்களில் வாயை மூடிக்கொண்டேன். மழை ஒழுகும் குவார்ட்டர்ஸில் ஒன்பது வருஷம். மெட்ராசில் என் அண்ணன் பார்த்துக் கொடுத்த வேலையை வேண்டாம் என்றார், சரி என்றேன். போர்ட் பிளேருக்கு நம் பக்கத்துப் பட்டாளத்துக்காரர்கள் வந்தால் போய்ப் பார்க்கமாட்டார். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் நான் செய்தது நினைவுக்கு வந்து வருத்தப்படுவார் என்று நினைத்தேன். எனக்கு என் மேல் அவ்வளவு நினைப்பு.

அந்த ஆறு கயிறுகளையும் டேப்பு வைத்து அளந்தேன். இந்த வருஷத்துக் கயிற்றில் மார்பு முப்பத்தெட்டு அங்குலம். அடுத்தது முப்பத்தேழரை. ஒவ்வொரு வருஷமும் அரை அங்குலம் குறைந்து, 1979-ல் முப்பத்தைந்தரை. வயிற்றில் கட்டி என்று படுத்த பிறகு அவருக்கு முப்பத்திரண்டுகூட இல்லை. பனியனைத் தைத்துச் சிறியதாக்கியவள் நான். தன் உடம்பை அளந்து அவர் முடிச்சுப் போடவில்லை. வயதாகும் ஒரு நல்ல உடம்பு எப்படி வற்றும் என்று கணக்குப் போட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஆனால் மரகதம், இது தவறு. ஒரு தாய்க்குத் தன் பிள்ளை இறந்த தேதி தெரிய வேண்டும். அவனுக்கு இத்தனை வருஷமாக ஒரு இலை போட்டுச் சோறு வைத்தவர்கள் இல்லை. வில்லையைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். நீ எடுத்துப்போய் அத்தை கையில் கொடுத்து, இந்தத் தாளைப் படித்துக்காட்டு. அதன் பிறகு உன் அண்ணன் பெயரைக் கல்லிலிருந்து எடுக்கச் சொல். உண்மையில் நாலு பெயர் என்றால் நாலு பெயர்தான்.

சந்திரமதி


கல்லேரிப்பட்டு,
5-7-74

அண்ணிக்கு,

வில்லையை அனுப்பாதீர்கள். அனுப்பினால் திருப்பிவிடுவேன். நான் கொடுக்கமாட்டேன்.

தந்தி வந்த நாளை நீங்கள் எழுதியிருந்தீர்கள். பாதிதான் எழுதினீர்கள். மீதியை நான் எழுதுகிறேன், நானும் அங்கேதான் இருந்தேன். தபால்காரன் சைக்கிளைப் பார்த்ததுமே பொன்னம்மா அத்தை தலையை அவிழ்த்துவிட்டுத் தெருவில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். பெண்கள் எல்லாம் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். நீங்கள்தான் கூட்டத்தை விலக்கிப் போய் அவள் இரண்டு கையையும் பிடித்து, "செத்தான்னு இதுல இல்லை அத்தை. இல்லாத வார்த்தைக்கு அழாதீங்க" என்றீர்கள். அவள் உங்கள் முகத்தைப் பார்த்தாள். நீங்கள் ஒரு எழுத்துத் தப்பாகப் படிக்கமாட்டீர்கள் என்று ஊருக்கே தெரியும். அழுகையை நிறுத்தி, முடியை முடிந்துகொண்டு எழுந்து போனாள்.

அன்றைக்கு நிறுத்தியவள் இன்னும் அழவில்லை அண்ணி. அவள் தம்பி செத்தபோதும் அழவில்லை. "அழுதா அவனுக்கு ஆகாது" என்பாள்.

நிறுத்தியது நீங்கள். ஆரம்பித்து வைக்க வேண்டுமென்றால் நீங்களே வாருங்கள். கப்பலேறி வந்து, அதே மாதிரி இரண்டு கையையும் பிடித்துச் சொல்லுங்கள். நான் பக்கத்தில் நிற்கிறேன்.

அடுப்படிக் கதவைத் தட்டினேன் என்று எழுதியிருந்தீர்கள். தட்டினேன். எனக்கு அப்போது இருபது வயது, அம்மா சொன்னதைச் செய்தேன். நீங்கள் சொன்னதுதான் சரி என்று அண்ணன் நடந்து வந்த அன்றே தெரிந்துவிட்டது. அதன் பிறகு உங்கள் எதிரில் வந்து நிற்கவே பயம். தப்பு செய்தவர்களிடமாவது பேசலாம். எப்போதும் சரியாகவே இருப்பவர்களிடம் என்ன பேசுவது?

ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி கல்லை நடுகிறார்கள். பள்ளிகொண்டாவிலிருந்து தச்சன் வந்து எழுத்தைப் புதுப்பிக்கத் தொடங்கிவிட்டான். முதல் பெயர் முடிந்தது. இரண்டாவதை விட்டுவிட்டு மற்றதை வெட்டு என்று ராஜமாணிக்கத்திடம் சொல்லியிருக்கிறேன். உங்கள் பதில் வரும்வரை அந்த இடம் அப்படியே இருக்கும்.

அத்தை நேற்றும் கேட்டாள்: "தீவுலேருந்து கயிறு வந்துதாடி?"

மரகதம்


மாயாபந்தர்,
23 ஜூலை 1974

மரகதத்துக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அன்று நான் சொன்னதாக நீ எழுதியிருக்கும் வாக்கியம் சரிதான். அதை நான் மறந்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். சரியாகப் படித்தேன் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டேன்.

வரலாமா என்று யோசித்தேன். ஜெயமணி கப்பல் ஆபீசில் விசாரித்து ஆகஸ்ட் ஐந்தாம் தேதி இடம் இருக்கிறது என்று எழுதினாள். வந்தால் என்ன சொல்வது என்று எழுதிப் பார்த்தேன். 'பொன்னம்மா அத்தைக்கு' என்று தொடங்கி நான்கு தாள்கள். ஒவ்வொன்றிலும் தேதி சரியாக இருந்தது, வாக்கியம் சரியாக இருந்தது. நான்கையும் அடுப்பில் போட்டேன். எனக்கு வயது ஐம்பத்தொன்பது, அத்தைக்கு எழுபத்தெட்டு. ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு அவ்வளவு பெரிய அழுகையைத் தாங்க இரண்டு பேருக்கும் மீதி வயது போதாது.

தச்சனை இரண்டாவது பெயரை வெட்டச் சொல். ஹவில்தார் என்பதையும் முதலெழுத்தையும் விட்டுவிடாமல் பார்த்துக்கொள். பழைய வெட்டில் 'வ' சாய்ந்திருந்தது என்று அவர் சொல்வார். அதை நேராக வெட்டச் சொல்.

இதோடு 1974-ஆம் வருஷத்துக் கயிறு இருக்கிறது. சீட்டை மட்டும் அவிழ்த்து எடுத்துக்கொண்டேன். மற்ற ஐந்தையும் வருஷத்துக்கு ஒன்றாக நானே அனுப்புவேன். அவர் 1979-க்கு மேல் ஏன் வெட்டவில்லை என்று யோசித்தேன். அப்போது அத்தைக்கு எண்பத்து மூன்று வயதாகும்.

நான் பொய் எழுதியதில்லை, இப்போதும் எழுதவில்லை. கயிற்றில் எழுத்து இல்லை.

சந்திரமதி


கல்லேரிப்பட்டு,
19-11-74

அண்ணிக்கு மரகதம் எழுதுவது.

கயிறு ஆகஸ்ட் எட்டாம் தேதியே வந்துவிட்டது. பதில் எழுத நாளாகிவிட்டது. தீபாவளி முடியட்டும் என்று இருந்தேன்.

கல் நட்ட அன்று அத்தை கோல் ஊன்றிக்கொண்டு வந்தாள். மாலை போட்டு, கொடி ஏற்றி, மிட்டாய் கொடுத்து எல்லோரும் போன பிறகு கிட்டே போனாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. புது வெட்டு என்பதால் விரலுக்கு நன்றாகத் தட்டுப்படுகிறது. இரண்டாவது வரியில் விரலை வைத்து, "இது பக்தன்தானே?" என்றாள். ஆமாம் என்றேன். "ம், இருக்கான்" என்றாள். 'வ' நேராகத்தான் இருக்கிறது, நான் பார்த்துவிட்டேன்.

அப்புறம் கயிற்றைக் கொடுத்தேன். ஒவ்வொரு முடிச்சாகத் தடவிப் பார்த்தாள். மூன்றாவது முடிச்சுக்கு வந்ததும் மறுபடி முதலிலிருந்து தடவினாள்.

"கொறைஞ்சிருக்கேடி."

"வயசாகுதில்ல அத்தை."

"ஆமா, எல்லாருக்குந்தான் ஆகுது" என்றாள்.

கிருஷ்ணமூர்த்தி வழக்கம் போலத் தைத்துக் கொடுத்தார். வெள்ளைத் துணி, அரைக் கை. தீபாவளி அன்று மஞ்சள் தடவிச் சாமி எதிரில் வைத்தாள். மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். சட்டை பழைய வேட்டித் துணியில் மடித்து மூட்டையாக இருந்தது. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கூட்டவில்லை குறைக்கவில்லை.

"இத இனிமே இங்க வெக்க வேணாம். அந்தத் தீவுக்கே அனுப்பிடு. அங்க யாருக்கு அளவா இருக்குதோ, அவன் போட்டுக்கட்டும்."

சரி என்றேன். நான் வாசல்படி இறங்கும்போது மறுபடி கூப்பிட்டாள். "சந்திரமதிக்குத் தொணைக்கு யாராவது இருக்காங்களா?" என்று கேட்டாள். இருக்கிறார்கள் என்றேன். அண்ணனைப் பற்றிக் கேட்கவில்லை.

பார்சல் அனுப்பியிருக்கிறேன். வந்ததும் எழுதுங்கள். மடை காவல்காரன் என்னோடு பேசுவதில்லை. அடுத்த வருஷம் அவனுக்கு வர வேண்டிய சட்டையை நான்தான் தடுத்துவிட்டேனாம்.

மரகதம்


மாயாபந்தர்,
8 பிப்ரவரி 1975

அன்புள்ள மரகதம்,

பார்சல் டிசம்பர் கடைசியில் போர்ட் பிளேர் வந்து, ஜெயமணி கைக்குப் போய், அவள் லீவில் வரும்போது கொண்டுவந்தாள். டேப்பு வைத்துப் பார்த்தேன். மார்பு முப்பத்தெட்டு, தோள் பதினேழு, சரியாகத் தைத்திருக்கிறார். மூன்றாவது பொத்தான் துளை மட்டும் கொஞ்சம் கோணல். கிருஷ்ணமூர்த்திக்கும் கண் மங்கிவிட்டது போலிருக்கிறது, சொல்லாதே, வருத்தப்படுவார்.

தேய்பிறை நவமி அன்று உன் அண்ணனுக்குத் தலைத்திவசம் வைத்தேன். பெரிதாக யாரையும் கூப்பிடவில்லை. ஜெயமணி, பக்கத்து குவார்ட்டர்ஸ் கமலாட்சி, அவ்வளவுதான். அழைக்காமலேயே வேபியிலிருந்து இரண்டு கரேன் கிழவர்கள் ஒரு குலை வாழைப்பழம் கொண்டுவந்து வைத்துவிட்டு, வெளியில் நின்று தொப்பியைக் கழற்றிவிட்டுப் போனார்கள்.

படத்துக்கு எதிரில் இரண்டு இலை போட்டேன். கமலாட்சி பிறந்தது இந்தத் தீவில். பாதி ஹிந்தியில்தான் பேசுவாள். "அம்மாஜி, எலை தோ எதுக்கு? சாப் ஒருத்தர்தானே?" என்று கேட்டாள். "அவரோட கூட வந்தவர் ஒருத்தர் இருக்கார்" என்றேன். அவள் உள்ளே போனாள். இன்னொரு டம்ளரில் தண்ணீர் மட்டும் கொண்டுவந்து வைத்தாள்.

வில்லையை எண்ணெய்த் தாளிலிருந்து எடுத்துத் துடைத்து இரண்டாவது இலைக்கு மேலே வைத்தேன். சட்டையை ஒரே இலைக்கு வைக்க மனம் வரவில்லை. இரண்டு இலைக்கும் குறுக்கே, ஆளுக்கு ஒரு கை வரும்படி விரித்து வைத்தேன். இரண்டு பேருக்கும் சோறு, பருப்பு, வாழைக்காய் எல்லாம் சமமாகப் பரிமாறினேன். குருநாதன் இலையில் கொஞ்சம் அதிகமாகவே வைத்திருப்பேன். தேதியைச் சத்தமாகச் சொன்னேன், ஒன்பது எட்டு நாற்பத்து மூன்று என்று. யாராவது ஒருவர் சொல்ல வேண்டும் அல்லவா? ஜெயமணி என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் பிறகு சொல்லிக்கொள்கிறேன்.

அத்தையிடம் பார்சல் வந்து சேர்ந்தது என்று சொல். அளவாக இருந்தது என்று சொல். அவர்கள் வேறு ஏதாவது கேட்டால், கேட்டதற்கு மட்டும் பதில் சொல். கேட்டார்கள் என்றால் மறைக்காதே. எனக்கு எழுது, நான் கப்பலேறுகிறேன். கேட்காதவரை, ஜூலையில் 1975-ஆம் வருஷத்துக் கயிறு வரும். அரை அங்குலம் குறைந்திருக்கும்.

படையலில் வைத்த துணியை அன்றே யாராவது ஏழைக்குக் கொடுத்துவிட வேண்டும். கமலாட்சிகூட நினைவுபடுத்தினாள். நான் கொடுக்கவில்லை. மடித்து, அவருடைய டிரங்குப் பெட்டியில், மீதிக் கயிறுகளுக்கு மேல் வைத்திருக்கிறேன்.

முறைப்படி அது தவறு. தெரிந்துதான் செய்தேன்.

உன் அண்ணி,
சந்திரமதி